சுருளி வெளுத்த கதை

உசிலம்பட்டியில் ஒருவர் பிள்ளைக்குக் காது குத்தினாலும், கல்யாணம் வைத்தாலும், கட்சியில் பதவி வாங்கினாலும், செத்தே போனாலும் சுருளியின் கடைக்கு ஆள் அனுப்பாமல் முடியாது. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், பரோட்டாக் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே ஒரு ஃபிளக்ஸ் கடை. உள்ளே நுழைகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் வருசக் கணக்காக மாறவில்லை.

"அண்ணே, கொஞ்சம் கலர் ஏத்திருங்கண்ணே."

சுருளி ஏற்றுவார். மவுஸை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கரிசல்மண் நிறத்தில் வந்த தாய்மாமன் பால்கோவா நிறத்தில் திரும்பிப் போவார். செத்தவர்களுக்கும் விலக்கு கிடையாது. கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்த ஒரு மகன், "எங்கய்யா காலம்பூரா வெயில்ல கெடந்து கறுத்துட்டாருண்ணே. இனிமேயாவது கொஞ்சம் கலரா இருக்கட்டும்" என்று மூக்கைச் சிந்தினான். இன்னொரு வீட்டுக் காதுகுத்து பேனரில் ஏழு தாய்மாமன்களும் ஒரே வெள்ளையில் வரிசையாக நின்றதைப் பார்த்து, காது குத்துவதற்கு முன்பே பிள்ளை அழுதுவிட்டது.

சுருளி நல்ல கறுப்பு. அவருடைய அப்பா ஊரான் நிலத்தில் களையெடுத்தும் கதிரறுத்தும் பிள்ளையைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தவர். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் சுருளிக்கு வருசா வருசம் எமன் வேடம்தான். "இவனுக்குன்னா மேக்கப் செலவு மிச்சம்" என்று வாத்தியார் வாய்விட்டே சொன்னார். வெயில் கொளுத்துகிற ஊரில் தோல் தனக்குத்தானே பிடித்துக்கொள்ளும் குடைக்குப் பெயர்தான் கறுப்பு. குடை பிடித்தவனைப் பார்த்துக் குடையில்லாதவன் சிரிக்கிற கூத்து இந்த நாட்டில் ஆயிரம் வருசமாக நடக்கிறது. இதெல்லாம் பன்னிரண்டு வயது எமனுக்குத் தெரியாது. அவனுக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கோபம் கல்யாணத்தில் வெளிப்பட்டது. தன் கல்யாண பேனரைத் தானே அடித்த சுருளி, மற்றவர்கள் நிறத்தை எல்லாம் ஏற்றிவிட்டுத் தன் நிறத்தைத் தொடாமல் விட்டார். பெண் வீட்டில் பதறினார்கள். "மாப்ள படத்துல மட்டும் மை கொட்டிருச்சு போல."

"மை கொட்டல. அது நாந்தான்" என்றார் சுருளி.

அதற்குப் பிறகு இருபது வருசம் நிறத்தைப் பற்றி அவர் வீட்டில் பேச்சில்லை. அவருக்கு ரத்தப் புற்றுநோய் வரும்வரைக்கும்.

முதலில் அது சாப்பாட்டில்தான் தெரிந்தது. நாலு பரோட்டா தின்கிற ஆள் ஒன்றரையில் இலையை மடித்தார். இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டிவிட்டதுபோல் கனம். ராத்திரியில் சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை. உடம்பு இளைக்க இளைக்க, "டயட்டாண்ணே?" என்று கேட்டார்கள்.

அவருடைய மனைவி சுபலட்சுமி ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள். "தொக்கம். வேற ஒண்ணுமில்ல."

தின்றது எங்கேயோ சிக்கி இறங்காமல் நிற்பதற்குப் பெயர் தொக்கம். அதை வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி எடுப்பதற்கு ஊருக்கு ஊர் ஆள் உண்டு. உசிலம்பட்டிக்கு முருகம்மாள். அவர் வீட்டு வாசலில் 'இங்கு தொக்கம் எடுக்கப்படும்' என்று தொங்கிய ஃபிளக்ஸே சுருளி அடித்ததுதான். அதிலும் முருகம்மாளின் முகத்துக்குக் கலர் ஏற்றியிருந்தார். முருகம்மாள் உறிஞ்சிக் கிண்ணத்தில் துப்பினார். சின்னதாக ஒரு கோழி எலும்பு.

"ஆத்தா, நான் கோழி தின்னு ரெண்டு மாசமாச்சே."

"அப்ப இது ரெண்டு மாசத்துக்கு முந்துன கோழி."

அடுத்த முறை போனபோது ஒரு கறித்துணுக்கு வந்தது. அதற்கடுத்த முறை ஒரு கொத்து முடி. "இம்புட்டும் என் வயித்துல இருந்துச்சுன்னா நான் எதுக்குடி பரோட்டாவுக்குக் காசு கொடுத்தேன்?" என்று வரும் வழியில் சுபலட்சுமியிடம் கேட்டார் சுருளி. கனம் குறையவில்லை. ஏனென்றால் வளர்ந்துகொண்டிருந்தது மண்ணீரல். அதை எந்த வாயாலும் உறிஞ்ச முடியாது. மூடநம்பிக்கை காசைப் பிடுங்குவதை மன்னித்துவிடலாம். நோயாளியின் நாளைப் பிடுங்குகிறதே, அதை மன்னிக்க முடியாது.

நல்லவேளையாக அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் டெங்கு பரவிக்கொண்டிருந்ததால் ரத்தம் பார்க்கப் போனார். லேப்காரர் ரத்தத்தை மெஷினில் வைத்தார், முழித்தார், மறுபடி வைத்தார், மெஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்னொரு முறை வைத்தார்.

"அண்ணே, வெள்ளை அணு பத்தாயிரத்துக்குள்ள இருக்கணும். உங்களுக்கு ரெண்டு லட்சத்தைத் தாண்டுது. உள்ளுக்குள்ள யாரோ கலர் ஏத்திட்டாங்கண்ணே" என்று சிரித்தார். சொல்லிய பிறகு அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது. "உடனே மதுரைக்குப் போங்க."

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்த நோய்க்கென்று தனிப் பிரிவு இருந்தது. டாக்டர் சாதிகா பழைய மதுரைக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தத்தில் ஒரு மரபணுச் சோதனையும் செய்தார்கள். முடிவு வந்த அன்று சுருளியையும் சுபலட்சுமியையும் எதிரில் உட்கார வைத்தார்.

"இது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகை. அழாதீங்கம்மா, இதுக்கு நல்ல மாத்திரை இருக்கு. உங்களுக்கு என்ன தொழில்?"

"ஃபிளக்ஸ் அடிக்கிறேங்க."

"அப்பச் சுலபமாச் சொல்லிரலாம். உடம்புக்குள்ள ரெண்டு பேனர்ல ஆளுக்கொரு துண்டு கழண்டு, ஒண்ணோடது இன்னொண்ணுல மாறி ஒட்டிக்கிச்சுன்னு வைங்க..."

சுருளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நமக்கே நடந்திருக்குங்க! கண்ணீர் அஞ்சலித் தாத்தா படத்துக்குக் கீழே 'அனைவரும் வருக, கறி விருந்து உண்டு'ன்னு ஒட்டிட்டேன். காதுகுத்துப் பிள்ளைக்குக் கீழே 'ஆழ்ந்த இரங்கல்'. ரெண்டு வீட்டாளுகளும் கம்போட வந்தாக."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதேதான். அப்படி மாறி ஒட்டினதுல ஒரு புது உத்தரவு உருவாயிருச்சு. நிறுத்தாம அடின்னு. பிரின்டர் ராத்திரி பகலா வெள்ளை அணுவா அடிச்சுத் தள்ளுது. இந்த மாத்திரை அதை நிறுத்துற பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். விரலை எடுத்தா?"

"திரும்ப அடிக்கும்."

"அம்புட்டுதான் வைத்தியம். தினமும் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை, நிறையத் தண்ணி. உடம்பு நல்லாயிருச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. மூணு மாசத்துக்கொருக்கா வாங்க, அந்த ஒட்டுத்துண்டு எம்புட்டு மிச்சமிருக்குன்னு பார்ப்போம்."

மாத்திரை அரசாங்கக் காப்பீட்டில் இலவசமாகக் கிடைத்தது. இந்த மாத்திரையை ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கம்பெனி மாசத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. காப்புரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஜெயித்திருந்தால், சுருளியின் கண்ணீர் அஞ்சலிப் படத்துக்கும் வேறு யாராவது கலர் ஏற்றியிருப்பார்கள். மருந்து இருக்கும்போது காசில்லாமல் சாகிறவனை விதி கொன்றது என்பார்கள். விதிக்கு இதில் வேலையே இல்லை, விலைக்குத்தான் வேலை.

பேருந்தில் வரும்போதே சுபலட்சுமி முடிவெடுத்துவிட்டாள். "யாருக்கும் மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா நீங்க குடிச்ச டம்ளரைத் தனியா வைப்பாக. சிவபாண்டிக்குப் பொண்ணு பாக்குற நேரம். சீக்குப் பிடிச்ச குடும்பம்பாக."

சிவபாண்டி அவளுடைய தம்பி. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மல்லிகையை வேனில் ஏற்றி மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குகிற தொழில். குணம் தங்கம், வாய் மைக்செட். அதனால் அவனுக்கும் சொல்லக் கூடாது என்றாள் அக்கா. அட்டையிலிருந்து மாத்திரைகளை எல்லாம் பிதுக்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அட்டையை அடுப்பில் எரித்தாள். யார் கேட்டாலும் சத்து மாத்திரை. புற்றுநோய் தொற்றாது. வெட்கம்தான் இந்த ஊரில் தொற்றும்.

மாத்திரை வேலை செய்தது. கனம் கரைந்தது, பரோட்டா மூன்றாக உயர்ந்தது. பக்கவிளைவாகக் காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. சமாளித்தார். சில மாதம் கழித்துத்தான் அந்த அநியாயம் தொடங்கியது.

சுருளி வெளுத்தார்.

முதலில் நெற்றி, பிறகு கன்னம், பிறகு கை. டீக்கடையில் இத்தனை வருசமாக "என்ன சுருளி" என்றவர் திடீரென்று "சார், சர்க்கரை தூக்கலாவா?" என்றார். எப்போதும் நிற்க வைத்தே பேசுகிற பேங்க் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டார். அதே ஆள், அதே சட்டை, அதே மூளை. தோல் ஒரு படி வெளுத்ததற்கு மரியாதை நாலு படி ஏறியது. பேனர் அடிக்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, என்ன க்ரீம்? நமக்குள்ளதான" என்றார்கள். சுருளிக்கு ரத்தம் கொதித்தது. நாற்பத்தைந்து வருசமாகச் சுமந்த நிறத்தை ஒரு மாத்திரை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறது. ஊரோ வாழ்த்துச் சொல்கிறது.

டாக்டர் சாதிகாவிடம் சண்டைக்கே போனார்.

"அந்த பட்டனுக்குப் பக்கத்துல இன்னொரு பட்டன் இருக்குண்ணே. தோலுக்குக் கறுப்பு மை ஊத்துறதை நிறுத்துறது. இந்த மாத்திரை சில பேருக்கு ரெண்டையும் சேர்த்து அமுக்கிரும். ஆபத்தில்ல."

"என் கறுப்பு திரும்பி வருமா?"

"மாத்திரையை நிறுத்தினா வரும். ஆனா அதைப் பார்க்க நீங்க ரொம்ப நாள் இருக்க மாட்டீங்க."

"சரிங்க, வெள்ளையாவே இருந்து தொலைக்கிறேன்" என்று எழுந்தார்.

இதற்கிடையில் சிவபாண்டிக்கு நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வரன் கூடியது. பெண்ணின் பெயர் ஆர்த்திகா, கல்லூரி அலுவலகத்தில் வேலை. சிவபாண்டியும் சுருளி மாதிரியே கறுப்பு. படம் அனுப்ப வேண்டும் என்றதும் சுபலட்சுமி கடைக்கே வந்து நின்றாள். "என் தம்பிக்குக் கொஞ்சம் ஏத்துங்க. ஊரான் வீட்டுக்கெல்லாம் ஏத்துறீங்கள்ல?" முடியாது என்றார் சுருளி. அன்று ராத்திரி வீட்டில் சோறு முடியாது என்றானது. மறுநாள் ஏற்றினார். படம் பிடித்திருப்பதாகப் பெண் வீட்டிலிருந்து சேதி வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். நல்ல நாள் பார்த்து இரண்டு மாசம் தள்ளி.

அந்த இரண்டு மாசத்தில் சுருளிக்கு ஓர் அதிசயம் நடந்தது. கண் வீக்கம் வற்றியது. கால் இழுப்பது நின்றது. மெல்ல மெல்ல நெற்றியில் பழைய நிறம் எட்டிப் பார்த்தது. உடம்பு மாத்திரையை ஜெயித்துவிட்டது என்று அவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையை முறுக்கினார். ஆனால் சிவபாண்டி வாடிக்கொண்டிருந்தான். காலையில் வாந்தி, கண்ணைச் சுற்றி உப்பல். பூ மூட்டை இறக்கும்போது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான் என்றார்கள்.

"மாமா, முகத்துல ஒரு பூரிப்பு வந்திருக்குல்ல?" என்று கேட்டான்.

"தவளை மாதிரி இருக்கு மாப்ள. நேரத்துக்குத் தூங்கு."

பெண் பார்க்கிற நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளும் ஒன்றாக வந்தன. சுபலட்சுமி தம்பியோடு வேனில் போவது, சுருளி மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக நாகமலை புதுக்கோட்டையில் இறங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. போன வாரம் கொடுத்திருந்த ரத்தத்தின் முடிவை டாக்டர் சாதிகா பார்த்தார். முகம் மாறியது.

"மாத்திரையை எத்தனை நாள் விட்டீங்க?"

"ஒரு நாள்கூட விடலைங்க. என் தொழில் மேல ஆணை."

"விடாம இருந்தா இந்த எண்ணு ஏறாது. ஒட்டுத்துண்டு திரும்பக் கூடியிருக்கு. இல்லைன்னா மாத்திரைக்கு நோய் அடங்காமப் போயிருச்சுன்னு அர்த்தம். அது இன்னும் மோசம். எங்க, மாத்திரையைக் காட்டுங்க."

சுருளி பையிலிருந்து டப்பாவை எடுத்தார். டாக்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், மோந்து பார்த்தார்.

"இதை யார் கொடுத்தா?"

"நீங்கதானங்க."

"நான் கொடுத்தது இது இல்லண்ணே. நிறம்தான் கிட்டத்தட்ட. இது சாதா சத்து மாத்திரை."

ஆயிரக்கணக்கான முகங்களை மவுஸால் இழுத்துப் பழகிய கண் சுருளிக்கு. அந்த நொடியில் இரண்டு முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன: வீக்கம் வற்றிய தன் முகமும், வீங்கிய சிவபாண்டி முகமும். யாரோ துண்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

டாக்டர் புது அட்டை ஒன்று கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பன்னை விழுங்கி, மாத்திரையைப் போட்டு, ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்தார். "மூணு மாசத்துல எண்ணு இறங்கினா தப்பிச்சோம். இறங்கலைன்னா வேற வழி தேடணும்" என்று டாக்டர் சொன்னது பேருந்து முழுக்கக் காதில் ஓடியது.

பெண் வீட்டுக் கூடத்தில் சிவபாண்டி பட்டுவேட்டியில், கண் இரண்டும் கீறலாக, கேசரித் தட்டைக் கண்டு குமட்டலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்ணின் அப்பா கையில் இருந்த படத்தையும் எதிரில் இருந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருளி செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"மாப்ள, என் டப்பாவுல இருந்து மாத்திரை எடுத்தியா?"

"வந்த இடத்துல என்ன மாமா..."

"எடுத்தியா இல்லையா?"

"மொத்தமா எடுத்துக்கிட்டேன். ஆனா திருடல மாமா. எடுத்த அம்புட்டுக்கும் சத்து மாத்திரை வாங்கி வச்சுட்டேன். அக்காதான சத்து மாத்திரைன்னுச்சு? நான் வச்சது அதைவிட ஒசந்த கம்பெனி. உங்களுக்கு நஷ்டம் வந்துரக் கூடாதுன்னுதான்."

சுபலட்சுமி தலையில் கை வைத்தாள். விசயம் புரிந்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

சுருளி அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தால் இந்தச் சம்பந்தம் போகும். மூடியிருந்ததால்தானே உயிர் போகப் பார்த்தது?

"அது சத்து மாத்திரை இல்லடா. ரத்தப் புத்துநோய் மாத்திரை. எனக்கு ரத்தப் புத்துநோய்."

சிவபாண்டியின் கீறல் கண்கள் முதல் முறையாக அகலத் திறந்தன. "அப்ப எனக்கு வந்திருச்சா மாமா?"

"உனக்கு இருக்கறது வேற சீக்கு, கலர் சீக்கு. அதுக்கு இன்னும் மாத்திரை கண்டுபிடிக்கல."

பயத்தில் எழப்போன சிவபாண்டிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நாற்காலியோடு சாய்ந்து கேசரியின் மேல் விழுந்தான். பெண்ணின் அப்பா பின்வாங்கி, "இது ஒட்டிக்கிடுமாங்க?" என்றார்.

"கேசரிதான் ஒட்டும். என் சீக்கு யாருக்கும் ஒட்டாது. என் எலும்புக்குள்ள தானா வந்தது, பரம்பரையாவும் வராது. இவன் எனக்கு மச்சினன், ரத்த சம்பந்தமே கிடையாது" என்றார் சுருளி.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு ஆர்த்திகா வந்தாள். அவளும் மாநிறத்துக்குக் கீழேதான். தரையில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவனிடம் ஒரு செம்பு தண்ணீரை நீட்டினாள்.

"கலருக்காகவா அதைத் தின்னீங்க?"

"மாமா அதைத் தின்னுதானங்க வெளுத்தாரு? போட்டோவுல வேற எனக்கு ஏத்தி விட்டுட்டாரு. நேர்ல வர்றதுக்குள்ள நான் போட்டோ மாதிரி ஆயிரணும்ல?"

சுருளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை இருந்த கோபம் பாதியாக இறங்கிவிட்டது. மீதிப் பாதியை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

"அந்தப் போட்டோ பிடிச்சிருக்குன்னு சொன்னது எங்கப்பா. எனக்கு அது கோலமாவு மூட்டைக்கு மீசை வச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள் ஆர்த்திகா. பிறகு சுருளியிடம் திரும்பினாள். "கண்ணு வீக்கம் வத்தினதும் வேறொரு போட்டோ அனுப்புங்கண்ணே. கை வைக்காம. பார்த்துட்டுச் சொல்றேன்."

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனார்கள். சிவபாண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையை விட்டதும் வீக்கமும் குமட்டலும் போயின. ஒரு படி கூட வெளுத்திருக்கவில்லை. டப்பா குப்பைக்குப் போனது. சுபலட்சுமி இப்போது மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்து, "முழுங்கியாச்சா, வாயைத் திறங்க" என்று சோதனை வேறு போட்டாள். மூன்று மாதம் அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

எண் இறங்கியது. டாக்டர் சாதிகா தாளைத் திருப்பிக் காட்டி, "பட்டன் அமுங்கிருச்சுண்ணே" என்றார். சுருளி வாசலுக்கு வந்து, யாரும் பார்க்காத இடமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கை மறுபடி வெளுத்திருந்தது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடை வாசலில் ஒரு ஃபிளக்ஸ் கட்டினார். நோய்க்கு முன்பு எடுத்த படம், ஒரு இழுப்புகூட இழுக்காத அசல் கறுப்பு. கீழே பெரிய எழுத்தில்: 'எனக்கு ரத்தப் புற்றுநோய். தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறேன். என் தோல் வெளுத்தது மாத்திரையின் பக்கவிளைவு. க்ரீம் பெயர் கேட்க வேண்டாம். டம்ளரைத் தனியாக வைக்கவும் வேண்டாம்.'

பஞ்சர் கடைக்காரர் வந்து படித்துவிட்டு, தான் குடித்துக்கொண்டிருந்த டீயில் பாதியைச் சுருளியின் டம்ளரில் ஊற்றிவிட்டுப் போனார்.

பிறகு காதுகுத்துக்குப் பேனர் சொல்ல ஒருவர் வந்தார். வாசலில் நின்று படத்தையும் சுருளியையும் வெகுநேரம் பார்த்தார்.

"ஏண்ணே, ஊருக்கெல்லாம் கலர் ஏத்துறீங்க. உங்களுக்கு மட்டும் இம்புட்டு இறக்கிப் போட்டுக்கிட்டீங்களே?"

"இறக்கலப்பா. அதான் நான்."

"நல்ல மனசுண்ணே உங்களுக்கு" என்று தலையாட்டிவிட்டு, அந்த ஆள் செல்போனில் தாய்மாமன் படத்தை எடுத்து நீட்டினார். "நம்ம மாமாவுக்கு மட்டும் லேசா ஏத்திருங்கண்ணே."